ஏழாம் வாய்ப்பாடு

பிப்ரவரி 3, திங்கள்

எட்டரைக்குப் பாடம் என்று பெரிய அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். எட்டே முக்காலுக்கு ஆடு வந்து அதைத் தின்றுவிட்டது. கீது விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபமே வரவில்லை. நவம்பருக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

என் பத்து வயது மகள். நவம்பரில், அரியலூரில் படித்த பள்ளியில் கணக்கு டீச்சர் விட்ட அறையில் இடது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. இப்போதும் அந்தப் பக்கம் சரியாகக் கேட்பதில்லை. மறுநாளே போய் டி.சி. வாங்கினேன். அந்தம்மா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வந்தேன்: "அடிக்காம சொல்லித்தர முடியும். நான் செஞ்சு காட்டுறேன்." பி.எட். முடித்துவிட்டு இந்த ஆண்டிமடத்து முந்திரிக்காட்டு வீட்டில் பதினோரு வருஷம் சோறு வடித்தவளுக்கு, அதைச் சொல்லும்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

கீதுவின் அப்பாவுக்கு இதில் இஷ்டமில்லை. சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "மே கடைசியில நானே கேள்வி கேப்பேன். அஞ்சாவது பாடம், பன்னெண்டு வரைக்கும் வாய்ப்பாடு. சொல்லிட்டாள்னா அடுத்த வருஷமும் உங்கிட்டயே படிக்கட்டும். இல்லன்னா பெரம்பலூர் ஹாஸ்டல்தான், செல்வி."

ஹாஸ்டலாம். நான் இருக்கும்வரை நடக்காது.

பிப்ரவரி 12, புதன்

இந்த வீட்டில் பாடம் நடத்துவது சந்தைக்கடையில் உட்கார்ந்து சாமி கும்பிடுவது மாதிரி. புத்தக அலமாரியில் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தை எடுக்கப் போனால் கையைப் பிறாண்டுகிறது. அத்தை டி.வி.யைக் குறைக்க மாட்டார். வாசலில் கொழுந்தன் வீரமணி தன் சண்டைச் சேவலுக்குப் பயிற்சி கொடுக்கிறான். கீரி என்று பேர். கல்யாணம் கட்டாதவனுக்கு அதுதான் பெண்டாட்டி, பிள்ளை எல்லாம்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லுங்க. கீரி மெரளுது" என்கிறான். வாய்ப்பாட்டுக்கு மிரளுகிற சேவல் சண்டையில் என்னத்தைக் கிழிக்கப்போகிறதோ.

அவன் முன்கையில் 'வீ' என்று ஒரு தழும்பு உண்டு. கீது இன்று அதைப் பற்றிக் கேட்டாள். பச்சை முந்திரிக்கொட்டையின் தோட்டில் ஒரு பால் இருக்கிறது, பட்ட இடம் வெந்து கொப்பளித்துவிடும். சின்ன வயதில் அதைக் குச்சியில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டானாம். இந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லோருமே செய்வதாம். "சாவுற வரைக்கும் அழியாது பாப்பா" என்று பெருமையாக நீட்டிக் காட்டினான். என் ஊர் அரும்பாவூர். அங்கே இந்தக் கூத்தெல்லாம் கிடையாது.

பிப்ரவரி 26, புதன்

பின்னங்கள் புரிந்துவிட்டன! பனங்கிழங்கை ஒடித்து ஒடித்துச் சொல்லித்தந்தேன். ஒரு அடி இல்லை, ஒரு அதட்டல் இல்லை. அந்த டீச்சர் வந்து பார்க்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எழுதினால்தான் மனசு அடங்கும்.

நேற்று விலங்குகள் பாடம். "சிங்கத்துக்கு எத்தனை பல்லுன்னு எண்ணிட்டு வா" என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். சிங்கம் எங்கள் நாய். கீது கூப்பிட்டால் மல்லாந்து படுத்துவிடும். மத்தியானம் அதன் சங்கிலியை அவிழ்த்துவிட்டு வாயைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வீரமணி தோப்புச் சண்டையிலிருந்து கீரியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். தோற்ற சேவல். ஒரு கண் போய், கழுத்தெல்லாம் ரத்தம்.

ரத்த வாடைக்குச் சிங்கம் பாய்ந்தது. ஒரே கவ்வு. கீரி இரண்டு தரம் இறக்கையை அடித்தது, அவ்வளவுதான்.

வீரமணி உலக்கையை எடுத்தான். முதல் அடி முதுகில். நாய் ஓடவில்லை. பின்னங்கால் இழுத்துக்கொண்டது. ஊர்ந்து ஊர்ந்து கீதுவிடம்தான் வந்தது. "சித்தப்பா, நான்தான் அவுத்தேன்! சித்தப்பா, நான்தான்!" என்று கத்துகிறாள். அவன் காதில் ஏறவில்லை. அவள் காலடியிலேயே வைத்து மண்டையில் அடித்தான். நான் எண்ணவில்லை. ஆறோ ஏழோ. நான் உலக்கையைப் பிடித்து இழுத்தபோது அடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். நின்றுகொண்டு அழுதான், தடிமாடு.

கீதுவின் பாவாடையெல்லாம் ரத்தம். "நாப்பத்தி ரெண்டும்மா. எண்ணி முடிச்சுட்டேன்" என்றாள்.

மார்ச் 10, திங்கள்

பாடம் இல்லை.

மார்ச் 24, திங்கள்

வாய்ப்பாடு மொத்தமும் போய்விட்டது. ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழேழு வரை வருகிறாள். ஏழெட்டில் நின்றுவிடுகிறாள். பிறகு ஐம்பத்துநாலு என்கிறாள், அறுபத்திமூன்று என்கிறாள், வாசலையே பார்க்கிறாள். பயந்த பிள்ளை, பொறுமையாக இரு என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மே என்று ஒன்று வருகிறதே. அவர் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் நான் மிச்ச நாளை எண்ணுகிறேன்.

அத்தை சொல்கிறார்: "முருங்கைய ஒடிச்சு வளக்கணும், புள்ளைய அடிச்சு வளக்கணும். நீ கொஞ்சிக்கிட்டு இருக்க." உங்கள் பிள்ளையை அடித்து வளர்த்த அழகைத்தான் பார்த்தேனே என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

அடித்துவிட்டேன். மர ஸ்கேலால், உள்ளங்கையில். லேசாகத்தான்.

லேசாகவா? ஸ்கேலில் கீறல் விட்டிருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

இன்றும். முதல் நாள்தான் கை கூசியது. இன்று கூசவில்லை. எழுதவே பயமாக இருக்கிறது, ஆனால் நிஜம். அடித்ததும் சரியாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கெடுக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம், இல்லையா வெற்றிச்செல்வி?

ஏப்ரல் 19, சனி

காலையிலிருந்து எல்லோர் மேலும் எரிச்சல். கொட்டை பொறுக்க ஆள் வரவில்லை, பால் திரிந்துவிட்டது, பூனை மாவுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டது. அந்த நேரத்தில் ஏழெட்டு அறுபத்திநாலு என்றாள். அறைந்தேன். ஒரு அறை இல்லை. பூனைக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, அவள் அப்பாவுக்கு ஒன்று, எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் கன்னத்திலேயே விட்டேன். சுவரில் போய் மோதினாள். உதடு கிழிந்தது.

"எத்தன தடவடி சொல்றது? தலையில ஏறலன்னா ஒடம்புல எழுதி வச்சுக்க!" என்று கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

அப்புறம்தான் உறைத்தது. வலது கன்னம். கேட்கிற காது இருக்கிற பக்கம்.

குனிந்து மெதுவாக "கீது" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினாள். கேட்கிறது. மாரியாத்தா, கேட்கிறது. அந்தச் சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன.

ஏப்ரல் 21, திங்கள்

நேற்று நாள் பூராவும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். இந்த வெயிலில். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

இன்று குளிக்க வைக்கும்போது பார்த்தேன். இடது முன்கை வெந்து, கொப்பளித்து, நீர் வடிந்து... முதலில் என்னவென்று தெரியவில்லை. கையைத் திருப்பினேன். எண்கள். பச்சைக் கொட்டைப் பாலைத் தென்னங்குச்சியில் தொட்டு எழுதியிருக்கிறாள். ஐந்து. ஆறு. ஏழெட்டு ஐம்பத்தாறு.

"நீதானம்மா எழுதி வச்சுக்கச் சொன்ன. இப்ப மறக்காதும்மா. கேட்டுப் பாரு."

முகத்தில் கோபம் இல்லை. குறை சொல்லவும் இல்லை. வீட்டுப்பாடத்தைக் காட்டுகிற மாதிரி காட்டினாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். அவளுடைய அப்பா ஆலையிலிருந்து ஓடிவந்து, "எப்படி ஆச்சு?" என்றார். "கொட்ட பொறுக்கப் போனேன்ப்பா. பட்டுருச்சு" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது ஒன்றுதான் அப்போது என் மனசில் ஓடியது. இப்படி ஒரு தாய்!

ஸ்கேலை அடுப்பில் போட்டேன். என்ன பிரயோஜனம், அறைந்தது கைதானே.

மே 2, வெள்ளி

அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அடிக்க ஓங்கினார். அடிக்கட்டும் என்று நின்றேன். கையை இறக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மே 25, ஞாயிறு

அவர் பரீட்சை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கேட்டார். தமிழ், அறிவியல், பின்னம். ஒன்றும் தப்பவில்லை. அடியை நிறுத்தி ஒரு மாதமாகப் படித்த படிப்பு. வாய்ப்பாடு வந்ததும் நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். ஏழாம் வாய்ப்பாட்டை அவர் கேட்கவே இல்லை. அவளே முழுக்கச் சொன்னாள், பன்னிரண்டு வரைக்கும்.

"பாஸ். ஒங்கம்மா ஜெயிச்சுட்டா" என்றார். அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை. ஆனாலும் ஏற்கெனவே சொன்ன சொல்லை மாற்றமாட்டார். நான் வெளியே வந்தேன். கட்டிக்கொள்ளலாம் என்றுதான் வந்தேன்.

"அப்பா, பாஸ் பண்ணிட்டேன்ல்ல? அப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு கண்ணு."

"என்னைய ஹாஸ்டல்ல சேத்துவிடுங்கப்பா."

ஜூன் 2, திங்கள்

பெரம்பலூர். அட்மிஷன் ஆபீஸில் பெரிய கூட்டம். கிளார்க் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "அங்க அடையாளம் எழுதலையே. ரெண்டு சொல்லுங்கம்மா" என்றார்.

கழுத்தில் மச்சம் என்றேன்.

"இன்னொண்ணு?"

யோசிக்கிற மாதிரி நின்றேன். கீது சட்டைக் கையைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். "அட, நம்பர் மாதிரியே இருக்கே! என்ன பாப்பா இது?" என்று சிரித்தார். நான்தான் சொன்னேன். "என்னால ஆனதுங்க சார்." அவர் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'இடது முன்கையில் தழும்பு' என்று எழுதினார். இனி எந்த டி.சி.யிலும் அது இருக்கும்.

பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். பூனைக்குட்டிகளைச் சித்தப்பாவிடம் விடாதே என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 15, ஞாயிறு

கீது வார்டன் போனிலிருந்து பேசினாள். பத்து நிமிஷம்தான் தருவார்களாம். சாப்பாடு பரவாயில்லை, பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு ஊர் வேப்பந்தட்டையாம், கணக்கு டெஸ்டில் இருபத்தைந்துக்கு இருபத்திமூன்று. மூக்கை உறிஞ்சினேன். அழுகிறேன் என்று தெரிந்துவிட்டது போல. குரலைத் தாழ்த்தி, எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சொன்னாள்:

"அழாதம்மா. இங்க யாரும் அடிக்கிறதில்ல."

போனை வைத்ததும், பிள்ளை என்ன சொன்னாள் என்று அத்தை கேட்டார். நல்லா இருக்காளாம் என்றேன்.