ஈரத் துண்டு

வியாழன், இரவு.

இவர் வீடு திரும்பியபோது பேண்ட்டின் பின்பக்கம் முழுக்க ஈரம். பகலெல்லாம் துறைமுக வாசலில் டிரெய்லர் லாரியோடு வரிசையில் கிடந்திருக்கிறார்.

"இன்னா இது?" என்றேன்.

"புள்ள வேணும்னா எனக்கும் சூடு ஆவாதுன்னாங்கல்ல டாக்டரம்மா. இஞ்சின் சூடு சீட்டு வரைக்கும் ஏறுது. அதான் துண்ட நனைச்சுப் போட்டு குந்திக்கினேன். கொஞ்ச நேரத்துல காஞ்சிடுது, திரும்பத் திரும்ப நனைக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியார் வழக்கம்போல முருங்கைக்கீரையை என் தட்டில் மட்டும் வைத்தார். "அவனுக்கு இன்னா கொறச்சல்? நீ துன்னு" என்றார். இவர் தலைநிமிராமல் சாப்பிட்டார். சோறு போடுகிற லாரியை விட்டுவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

நாளைக்கு மறுபடியும் நனைக்கப் போகிற துண்டைத் துவைத்து, உதறி, கொடியில் காயப் போட்டிருக்கிறேன்.