ரெஹான் சொன்ன வெள்ளிக்கிழமைக் கதைகள்

12-9-25, வெள்ளி

என் மகன் ரெஹான் மூன்று மணிக்கு வீடியோவில் வந்தான். லாட்வியா போய் ஆறு நாள் ஆகிறது. அந்த நாட்டுப் பேர் என் வாயில் நுழையவே நான்கு நாள் பிடித்தது. பையன் முகம் வெளுத்திருக்கிறது. "என்னடா, காலேஜ்ல சேர்த்துக்கினு சுண்ணாம்பு அடிச்சு உட்டாங்களா?" என்றேன். சிரித்தான்.

கிளம்பிய அன்று அவன் மேல்கையில் இமாம் ஜாமின் கட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் யார் தூரப் பயணம் போனாலும் ஒரு நாணயத்தைத் துணியில் முடிந்து கட்டி அனுப்புவோம். இவனுக்குக் கட்டியது பச்சைப் பட்டு, ஓரத்தில் ஜரிகை. போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்து அந்தக் காசை இல்லாதவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாயா என்றேன். டிராம் நிற்கிற இடத்தில் ஒரு கிழவர் ஆர்மோனியத்தை நெஞ்சில் மாட்டிக்கொண்ட மாதிரி ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாராம். அவர் தொப்பியில் போட்டானாம். அவர் நாணயத்தை எடுத்து அதிலிருந்த சிங்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இவனுக்கென்று தனியாக இன்னொரு பாட்டு வாசித்தாராம்!

இதை நாளைக்குச் சம்பூர்ணம் வீட்டில் சொல்ல வேண்டும். பாதி வழியில் மறந்துவிடுவேன் என்றுதான் இந்த டைரியை எடுத்தேன். இவர் வேலை செய்கிற பட்டுக் கடையில் கொடுத்தது, ஒன்பது மாதமாக டிவி மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்தவள் நான். கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும், பரீட்சையா எழுதுகிறேன்.

13-9-25, சனி

கிழவர் கதை அமோகமாக ஓடியது.

சம்பூர்ணம் வீட்டில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுகிறோம். சம்பூர்ணம், அவள் நாத்தனார் சங்கீதா, நான். ஆளுக்கு ஒரு புடவை, வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. சங்கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தனிப் பாட்டா! என் வீட்டுக்காரரு எனக்கு விசில்கூட அடிச்சதில்ல அக்கா" என்றாள். "கழுத்துல ஆர்மோனியத்தை மாட்டி உடு, அடிப்பாரு" என்றேன்.

19-9-25, வெள்ளி

இன்றைய கதை கருவாடு. நான் துணிக்கு நடுவில் ஒளித்து அனுப்பிய நெத்திலியை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வறுத்திருக்கிறான். எதிர் வீட்டுக்காரி போலீசுக்குப் போன் போட்டு, "உள்ளே யாரோ செத்து நாலு நாளாகிறது" என்று சொல்லிவிட்டாளாம். இரண்டு போலீஸ், ஒரு நாய். நாய் மட்டும் வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்றதாம்.

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். போன வாரக் கிழவர் கதையை இவர் கடையில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் ஆசாத் வாயைத் திறந்து கதை சொன்னார் என்றால் அதுவே ஒரு அதிசயம். கடையில் பொம்மைக்குப் புடவை கட்டிவிட்டு, அந்தப் பொம்மையைவிடக் குறைவாகப் பேசுகிற மனுஷர்.

26-9-25, வெள்ளி

காளான் கதை. வாத்தியாரே பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காளான் பறிக்கச் சொல்வாராம், அந்த ஊர் வழக்கமாம். இவன் வழி தவறிவிட்டான். கூடையோடு வந்த ஒரு அம்மா இவன் பறித்ததையெல்லாம் பார்த்துவிட்டு, ஒன்று விடாமல் தூக்கி எறிந்தாளாம். அத்தனையும் விஷம்! அப்புறம் தன் கூடையில் பாதியை இவனுக்குக் கொட்டிக் கொடுத்து ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாளாம்.

அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

3-10-25, வெள்ளி

கேமரா வேண்டாம் என்றான். சார்ஜ் இல்லையாம். கதை சின்னதாக இருந்தது, இழுத்துச் சொல்ல வேண்டும்.

11-10-25, சனி

தீபாவளிக் கூட்டம். கடைக்காரர் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆள் அனுப்புகிறார். சம்பூர்ணத்துக்குச் சொன்ன நேரத்துக்குப் புடவை போய்விட வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட "சைதுன், கை" என்பாள். ஆனால் ரெஹான் கதைக்கு மட்டும் தடை இல்லை. "அவன் கதை வந்தா கை தானா ஓடுது" என்கிறாள்.

17-10-25, வெள்ளி

எப்படி எழுதுவது.

வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். டீச்சர், பரிசோதனை, எதுவோ உடைந்தது என்று இன்றைய கதை. நடுவில் மேல் பலகையிலிருந்து எதையோ எடுக்கக் கையைத் தூக்கினான். சட்டைக் கை சரிந்தது. மேல்கையில் பச்சை.

ஜரிகை ஓரம். நான் கட்டின முடிச்சு. என் முடிச்சு எனக்குத் தெரியாதா, ஒரு நாளைக்கு நூறு முடிச்சுப் போடுகிறவள்.

"கிழவருக்குப் போட்டேன்னு சொன்னியேடா."

கையை இறக்கினான். நான் வழக்கம் போல, "என்னடா, கிழவர் திருப்பிக் குடுத்துட்டாரா, செல்லாதுன்னு?" என்று கேட்டேன். என் நாக்கை அறுக்க. அவன் முகம் அப்படியே கீழே போனது.

"எங்க வந்து நிக்கிறேன்னே தெரியலமா. எப்படி அவிழ்க்குறது?"

லைன் போய்விட்டது. மூன்று தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

18-10-25, சனி

விடிகாலையில் அவனே கூப்பிட்டான். எல்லாவற்றையும் சொன்னான்.

அவன் போய் இறங்கிய மூன்றாம் நாள் அந்தக் காலேஜ் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று அந்த நாட்டில் உத்தரவு வந்துவிட்டது. வகுப்பே நடக்கவில்லை. அனுப்பிவைத்த சென்னை ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. நவம்பர் முடிவதற்குள் வேறு காலேஜில் இடம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு ரூமில் நான்கு பேர். இவன் ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான்.

"அப்போ போலீசு? கருவாடு?"

"அது கூட இருக்கிற ஆனந்தகுமாருக்கு நடந்ததுமா. அவன் வேற காலேஜ்."

"காளான்?"

"அதுவும்."

பிள்ளை ஆறு வாரமா அடுத்தவன் கதையை வாங்கி எனக்குச் சொல்லிக்கினு இருந்திருக்குது. நானும் பல்லைக் காட்டிக்கினு கேட்டிருக்கேன். ஏண்டா சொல்லலன்னா — "நீ சிரிச்சுக்கினு இருந்தியே" — அதான் சொன்னான்.

நான் சிரித்தது தப்பா?

அத்தாவிடம் சொல்லாதே என்றான், இவரைத்தான். சரி என்றேன்.

20-10-25, திங்கள்

தீபாவளி. சம்பூர்ணம் முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். "இந்த வாரக் கதை எங்கடி? சனிக்கிழமை தலைவலின்னு ஓடிட்ட" என்றாள். நானே ஒன்று கட்டினேன். ரெஹான் வழுக்கி விழுந்தான், ஒரு வாத்து அவனைத் துரத்தியது என்று. அவள் சிரித்தாள். அதிரசத்தைக் கடிக்காமல் தட்டிலேயே வைத்தேன்.

25-10-25, சனி

இன்றைக்கும் ஒரு வாத்துக் கதை. பாதியில் வாத்து எந்தப் பக்கம் ஓடியது என்பதே மறந்துபோனது. சம்பூர்ணம் என்னையே பார்த்தாள். சங்கீதா போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, "என்னடி?" என்றாள். அவ்வளவுதான். அழுது தீர்த்தேன்.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அந்த ஏஜென்ட் எங்க இருக்கான்?" என்று மட்டும் கேட்டாள்.

28-10-25, செவ்வாய்

சம்பூர்ணமும் நானும் காலை ரயிலில் சென்னை போனோம். இவரிடம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க என்று பொய். மழை விடவில்லை. ரசீதிலிருந்த விலாசத்தைப் பிடித்து மூன்று மாடி ஏறினோம். நான் கையெழுத்துப் போட்ட அதே அறை, அதே படி. அந்த போர்டு மட்டும் இல்லை. உள்ளே இரும்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பையன்கள். ஜிம் ஆகிவிட்டது.

மேஜையில் இருந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்து, "ஜாயின் பண்ணணுமா ஆன்ட்டி? லேடீஸ் டைமிங் காலைல" என்றாள்.

"நாங்க ஏற்கெனவே ஆடிப்போய்த்தான்மா வந்திருக்கோம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஏஜென்டைக் கேட்டால், "போன மாசமே காலி பண்ணிட்டாங்க, நிறைய பேரண்ட்ஸ் வந்து கேட்டுட்டுப் போறாங்க" என்றாள்.

நிறைய பேர். அதைக் கேட்டதும் எனக்கு ஏன் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது? என்ன மனசு இது.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். ரைட்டர் வாங்கி ஒரு கட்டின் மேல் வைத்தார். அந்தக் கட்டு முழங்கால் உயரம்.

திரும்பும்போது சம்பூர்ணம், "நான் காமாட்சி அம்மன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ உங்க பள்ளிவாசல் பக்கம் சொல்லு. யாருக்கு முதல்ல சிக்னல் கிடைக்குதோ பார்ப்போம்" என்றாள். வாலாஜாபாத் வரைக்கும் சிரித்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

31-10-25, வெள்ளி

ஐந்து காலேஜுக்கு எழுதியிருக்கிறானாம். கேலி பேசக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டு பேசினேன். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே கிடைக்கவில்லை. "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்". "குளிரா", "குளிர்". இவ்வளவுதானா நான்? கேலியை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு பேச்சே இல்லையா?

7-11-25, வெள்ளி

மூன்று காலேஜ் இல்லை என்றுவிட்டது. கை வெடித்திருக்கிறது, பாத்திரம் கழுவுகிற மருந்தாம். தேங்காய் எண்ணெய் தடவு என்றேன். அங்கே தேங்காய் எண்ணெய் எங்கே போவான். இங்கே ஒரு பாட்டில் நிறைய இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

14-11-25, வெள்ளி

நான்காவதும் இல்லை.

15-11-25, சனி

இன்றைக்குச் சங்கீதா கதை கேட்டாள். சம்பூர்ணம், "பையனுக்குப் பரீட்சை, தொந்தரவு பண்ணாத" என்று அதட்டிவிட்டாள். எனக்காக அவளும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

21-11-25, வெள்ளி

ஐந்தாவது காலேஜ் எடுத்துக்கொள்கிறதாம். ஆனால் பிப்ரவரியில்தான். இவனுக்கு அனுமதி நவம்பர் முப்பதோடு முடிகிறது. நடுவில் இருக்கிற இரண்டு மாதத்துக்கு அந்த நாட்டில் அவனுக்கு இடம் இல்லை. விசா ஆபீசில் இருந்த அம்மா ரொம்ப நல்ல மாதிரியாகப் பேசினாளாம், டீ கொடுத்தாளாம், ஆனால் சட்டம் அப்படித்தான் என்றாளாம்.

கத்தலாம் என்றால் யாரைக் கத்த? எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க.

"வந்துர்றா" என்றேன்.

"எப்படிமா வர்றது? தெருவுல எல்லாருக்கும் போஸ்டர் ஒட்டாத குறையா சொல்லியிருக்கியே."

ஆமாம். சொல்லியிருக்கிறேன்.

22-11-25, சனி

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு மணி நேரம் கழித்துத் தோளில் ஒரு புதுத் தலையணையோடு வந்தார்.

"அவனோடது பஞ்சு போயிடுச்சு. வந்தா கழுத்து வலிக்கும்."

அப்புறம் தொழுகைக்குப் போய்விட்டார். நானும் இருபத்தாறு வருஷமாக இந்த மனுஷரைக் கேலி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

30-11-25, ஞாயிறு

விமானம் ஏறிவிட்டான். புயல் மழை, சென்னையில் இறங்குமா என்று தெரியவில்லை. டிவியை அணைக்கவில்லை.

1-12-25, திங்கள்

வந்துவிட்டான். ஏழு மணி நேரம் தாமதம். பாதி உடம்புதான் திரும்பி வந்திருக்கிறது. குழம்பை ஊற்றினேன், நான்கு வாய் சாப்பிட்டான், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான்.

5-12-25, வெள்ளி

வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஜும்மாவுக்கு மட்டும் போனான். வெளியூர்க்காரன் மாதிரி வேறு தெரு சுற்றித் திரும்பினான். யாராவது கூப்பிட்டால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறான். "லீவுக்கு வந்திருக்கானா?" என்று எதிர் வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று என் வாய் தானாகச் சொன்னது. உள்ளே அவனுக்குக் கேட்டிருக்கும்.

13-12-25, சனி

காலையில் நான் கிளம்பும்போது ரெஹான் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "நானும் வர்றேன்மா" என்றான். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் திரும்பிவிடுவானோ என்று பயம்.

சங்கீதா அவனைப் பார்த்ததும் கத்தினாள். "டேய், போலீசு நாய்! வா, உக்காரு, கருவாட்டுக் கதையை நீயே சொல்லு. உங்கம்மா சொன்னா பாதி உப்பு கம்மியா இருக்குது."

அவன் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கட்டாத நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அது எனக்கு நடக்கல."

அப்புறம் முதலிலிருந்து சொன்னான். பெட்டியை இழுத்துக்கொண்டு காலேஜ் வாசலுக்குப் போனது. கதவு பூட்டியிருந்தது. வேறு பிள்ளைகளும் பெட்டியோடு நின்றது. முதல் நாள் ஓட்டலில் எண்பது தட்டு உடைந்தது, அதை அவன் தலையில் கட்டியது. நான்கு பேருக்கு இரண்டு கட்டில், முறை வைத்துத் தூங்கியது. வெள்ளிக்கிழமைகளில் ஆனந்தகுமாரிடம், "இந்த வாரம் உனக்கு என்ன ஆச்சு, சொல்லு, அம்மாவுக்கு வேணும்" என்று கேட்டு வாங்கியது. இது என்னிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆனந்தகுமாருக்கு ஒன்றுமே நடக்கவில்லையாம். அன்றைக்குத்தான் கேமரா வேண்டாம் என்றிருக்கிறான்.

எனக்கு நாக்கு நுனியில் மூன்று கேலி வந்தது. மூன்றையும் விழுங்கினேன்.

சங்கீதா கை நின்றுவிட்டது. "எண்பது தட்டா?" என்றாள். "எண்பத்தி ரெண்டு" என்றான் ரெஹான். அவன் உதட்டில் லேசாக ஏதோ வந்து போனது.

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து ஆள் வந்து நின்றார். பதினொரு மணிக்குத் தருவதாகச் சொன்ன புடவை. முந்தானையில் இன்னும் ஒரு சாண் பாக்கி.

சம்பூர்ணம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அப்புறம் வாங்கண்ணே. பையன் பேசிக்கினு இருக்கான்."