மூன்றாம் எண் குழாய்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது.

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவமனையில் இருபது வருஷமாக ரத்தம் எடுக்கும் நான், போன மாதம் ஒரு மானைப் பார்த்துப் பேன்ட்டை நனைத்துக்கொண்டேன். வலையில் விழுந்த மூன்றில் முதல் இரண்டும் சாது. மூன்றாவது, கொம்பு வைத்த கிடா. நெஞ்சில் விட்ட உதையில் ஊசி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நல்லவேளை, டாக்டரம்மா தூரத்தில் ஜீப்பில் இருந்தார்.

மகள் வீட்டில் பேரன் பால் குடிக்கிறானா? மூக்கு என்னுடையது என்று கேள்விப்பட்டேன். பாவம்.

நம் பட்டியில் ஆடுகள் நாக்கு நீலமாக வீங்கிச் செத்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். காட்டு மானைக் கடித்த பூச்சி ஆட்டையும் கடித்தால் வைரஸ் தாவும், மானுக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும் என்றார் டாக்டரம்மா. அதற்குத்தான் இந்தப் பரிசோதனை. இரண்டு குழாய் சுத்தம், மூன்றாவதில் வைரஸ் என்று தாள் வந்தது.

அத்தான் அந்தத் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "ஒண்ணு மிஞ்சக் கூடாது மாப்ளே" என்று துப்பாக்கியை எடுத்தார். ஊரே சேர்ந்துகொண்டது. டாக்டரம்மா குறுக்கே நின்று, "கடிக்கிறது பூச்சிய்யா, மானைக் கொன்னு என்ன ஆகப்போகுது" என்றார். தள்ளிவிட்டுப் போனார்கள். நானும் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

ஓடையோரம் வளைத்து முப்பத்தொன்றைச் சாய்த்தார்கள். குட்டிகளுக்குத் தோட்டா எதற்கு என்று கட்டையால் அடித்தார்கள். குடல் தரையில் இழுபட ஒரு பெண்மான் நடந்து வந்து என் காலடியில் விழுந்தது. அது சாகும்வரை என்னையே பார்த்தது.

அப்போது புதர் அசைந்தது. தராசைத் தவிர எதையும் பிடித்துப் பழகாத மளிகைக்காரர் சுட்டார். புதருக்குள் இருந்தது அத்தான். தொடையெலும்பு தூள். வலது காலை எடுத்துவிட்டார்கள் அக்கா. உயிருக்குப் பயமில்லை. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது, "மொத்தம் எத்தனை விழுந்துச்சு மாப்ளே?" அந்தத் தாள் இன்னும் அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சீக்கிரம் புறப்பட்டு வா. வந்ததும் என்னை அடி, சின்ன வயதில் அடித்த மாதிரி. ஏன் என்று அத்தான் கேட்டால் மட்டும் சொல்லிவிடாதே.

அடிக்குக் காத்திருக்கும்,
உன் தம்பி

பி.கு.: உதை வாங்கிய பிறகு நான் அந்தக் கிடா பக்கமே போகவில்லை. வெறுங்குழாயோடு திரும்ப வெட்கமாக இருந்தது. வழியில் நம் பட்டியில் நோயில் படுத்துக் கிடந்த ஆட்டிடம் ரத்தம் எடுத்து நிரப்பினேன்.