பத்திரமாக இருக்கிறது என்று நான் சொன்ன பை

என் ஸாஹிரா,

நம் ஸ்கூல் மலரில் உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அன்பானவர், பண்பானவர்" என்று எழுதினால் நீயே எழுந்து வந்து சிவப்பு மையால் அடித்துவிடுவாய். அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

கடைசியில் போனோம்டி. உடைந்த கப், தட்டுத் துண்டுகளைப் பலகையில் ஒட்டி மொசைக் படம் செய்யக் கற்றுத்தருகிற கே.கே. நகர் ஸ்டூடியோவுக்கு நானும் கலாவும் போன சனிக்கிழமை போய் வந்தோம். மூன்று பேராகப் போக வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் நீ நச்சரித்த அதே இடம். பரீட்சைப் பேப்பர் முடியட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகட்டும் என்று நான்தான் தள்ளிக்கொண்டே போனேன். அப்படி என்ன அவசரம் என்று ஏன் நினைத்தேனோ தெரியவில்லை.

அதற்காகத்தானே அந்த மஞ்சள் பை. ஸ்டாஃப் ரூமில் யார் கப்பை உடைத்தாலும், ஆயா துடைப்பத்தை எடுப்பதற்குள் நீ குனிந்து பொறுக்கி, பழைய கேள்வித்தாளில் சுற்றிப் பையில் போடுவாய். உன் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கொண்டுவந்த நீலப் பூப்போட்ட டீ கப்பும் அதில் இருந்தது. அவர் மௌத்தான மறு வருஷம் அது உன் கை தவறி விழுந்தது. அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை, தரையிலேயே உட்கார்ந்து அழுதேன் என்று என்னிடம்தான் சொன்னாய்.

ஆஸ்பத்திரியில் சேரப் போன அன்று காலையில் அந்தப் பையை என் கையில் கொடுத்தாய். "வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆளு வர்றாங்க ரங்கா. குப்பைன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. நான் வர்ற வரைக்கும் நீ வெச்சிருடி."

என்னைப் போயா நம்பினாய்? விரிசல் விட்ட டம்ளரை ஒரு நாள்கூட வீட்டில் தங்க விடாதவள் நான். "ரங்கா வீட்டுல ஈ கூட காலைத் துடைச்சுட்டுத்தான் உக்காரும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவளே நீதானே!

உனக்கு இரண்டாவது ஆபரேஷன் என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடைந்த சாமான் வீட்டில் இருந்தால் ஆகாது என்று கேட்டுக் கேட்டு ஊறிய மண்டை இது. போகி அன்று கிழிந்த பாய், பழைய தலையணையோடு உன் பையையும் பரணிலிருந்து இறக்கி, புத்திகெட்டவள், குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். உனக்குக் குணமாக வேண்டும் என்றுதான் போட்டேன் என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. என் வீட்டுக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்கிற பயம் மீதிப் பாதி.

காணும் பொங்கலன்று புத்தூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். வாயில் வார்த்தை சரியாக வராத நிலையிலும் அதைத்தான் கேட்டாய்.

"பை பத்திரமா இருக்காடி?"

"இருக்குடி. பரண்ல இருக்கு. நீ முதல்ல எழுந்து வா."

நீ சிரித்தாய். அடுத்த வாரம் போய்விட்டாய்.

"நோட்டு வீட்டுல இருக்கு மிஸ்" என்று பிள்ளைகள் சொன்னால், முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கிறவள் நீ. என் முகத்தையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு?

பிறகு உன் பெண் நஸ்ரின் போன் பண்ணினாள். "பெரியம்மா, அம்மா பையில இருக்குறதை வெச்சு நீங்களே ஒண்ணு பண்ணிக் குடுங்க. எங்க ஹால்ல மாட்டணும்." நான் உன்னைவிட மூன்று மாதம் மூத்தவள் என்று நீ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அந்தப் பெரியம்மா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சரிம்மா" என்றேன்.

ஸ்டூடியோ மாடிப்படியில் வைத்துக் கலாவிடம் சொன்னேன். "அடிப் பாவி! போகிக்குப் போட வேற ஒண்ணுமே கிடைக்கலையா உனக்கு?" என்று கத்தினாள். நாலு படி ஏறியதும் நின்றாள். "சரி விடு. துண்டுல பேரா எழுதியிருக்கு? வேற எதையாவது உடைச்சு ஒட்டிடலாம். அந்தப் பொண்ணாவது நிம்மதியா இருக்கட்டும்."

கலாவின் மேல் பழி போடாதே. அவள் சொல்வதற்கு முன்பே அதே யோசனையோடுதான் வந்திருந்தேன். யாரையும் சாப்பிட விடாமல் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்த என் தட்டுகளில் நீலப் பூப்போட்டது இரண்டு என் கைப்பையில் இருந்தது. அங்கேயே பழைய துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினேன்.

நீ இதற்கென்றே கேள்வித்தாளின் பின்பக்கம் வரைந்து வைத்த டீ கெட்டில் படத்தைக் கலா பத்திரமாக வைத்திருந்தாள். அவளால் முடிந்திருக்கிறது பார். அதைத்தான் பலகையில் வரைந்து துண்டுகளை ஒட்டினோம். "இடைவெளி விட்டு ஒட்டுங்கம்மா, அப்பதான் சிமென்ட் உள்ள இறங்கும்" என்றாள் கற்றுக்கொடுத்த பெண். சந்துகளில் வெள்ளைச் சிமென்டை நிரப்பிய கையோடு நான் ஈர ஸ்பாஞ்சால் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். பூசியதெல்லாம் வழித்துக்கொண்டு வந்தது.

"அய்யோ, தொடைக்காதீங்கம்மா! காயுற வரைக்கும் சும்மா இருங்க."

"அவளால அது மட்டும் முடியாது" என்றாள் கலா. மூன்று பேரும் சிரித்தோம். நீ இருந்திருந்தால் இதை ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டியிருப்பாய்.

சாயங்காலம் படத்தை வாங்கிப்போக நஸ்ரின் அங்கேயே வந்தாள். பலகையைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது.

"இதுல அத்தாவோட கப் எது பெரியம்மா?"

கலா ஸ்பாஞ்சைக் கழுவப் போய்விட்டாள். கெட்டிலின் வயிற்றில் இருந்த நீலப் பூவை விரலால் காட்டினேன். "இதோ, இதுதான்மா."

அவள் அதன் மேல் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. "அத்தா இதுல வாய் வெச்சுக் குடிச்சிருப்பாங்கல்ல?"

"ஆமா" என்றேன். ஆமா என்று சொன்னேன் ஸாஹிரா.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. யாருமே வாய் வைக்காத என் அலமாரித் தட்டைத் தினமும் தொட்டுப் பார்த்து அந்தப் பிள்ளை தன் அத்தாவை நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் சொன்ன பொய்யை நீ கொண்டுபோய்விட்டாய். இவளிடம் சொன்னது சுவரில் மாட்டியிருக்கிறது.

மலர் அச்சானால் நஸ்ரினுக்கும் ஒன்று போகும். தாளில் படித்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால் இந்தக் கடிதத்தை ஸ்கூலில் கொடுப்பதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிப் பாலக்கரையில் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் பலகையைக் கழற்றி என் காலடியில் போட்டாலும் வாங்கிக்கொள்கிறேன். நீ கேட்டபோது சொல்லாத பதிலை அவளிடம் சொல்லிவிடுகிறேன். பை பத்திரமாக இல்லை, நான்தான் தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகும் அப்படிக் கூப்பிடுவாளானால்,
நஸ்ரினின் பெரியம்மா,
ரங்கநாயகி