சோதனைப் பட்டியலில் உங்கள் எண்

இல்லை அப்பா, அது யாருடைய எண் என்று நான் சொல்லவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். சோதனைப் பட்டியலின் முதல் எண்ணுக்கு மட்டும் ஓடிபி போய்ச் சேரவில்லையாம். ரீசார்ஜ் செய்யாமல் உங்கள் சிம் செத்துவிட்டது. பழைய எண், எடுத்துவிடு என்றேன்.

வங்கிச் செயலியின் திரையும் என் வேலை, பின்னால் ஓடும் சர்வரும் என் வேலை. ஓடிபி ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க ஒரு போன் தேவைப்பட்டது. உங்கள் எண்ணைக் கொடுத்தேன். குமாரபாளையத்தில், ஓடிபி வந்ததும் தறி இரைச்சலை விட்டுத் தெருவுக்கு வந்து, சேலத்தில் இருக்கும் என்னைப் போனில் கூப்பிடுவீர்கள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குது. உனக்குச் சொல்லலாமா, சாமி?"

பிறகு ஒவ்வோர் எண்ணாக, நிறுத்தி நிறுத்தி. ஆறும் ஏற்கெனவே என் திரையில் இருக்கும். நீங்கள் படிக்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. அதை உங்களிடம் சொல்லவில்லை. மகளை இன்ஜினியருக்குப் படிக்க வைத்தால் அவள் தன்னை நம்பர் படிக்க வைக்கிறாள் என்று பக்கத்துத் தறிக்காரரிடம் பெருமையாகத் திட்டுவீர்கள்.

வேலை கூடியது. நீங்கள் கூப்பிட்டால் கட் செய்ய ஆரம்பித்தேன். ஓடிபி வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். நீங்களும் அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்.

அந்த மதியமும் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டீர்கள். கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டீர்கள். இரண்டாம் முறை கூப்பிடுவது உங்கள் வழக்கமில்லை. கட் செய்தேன்.

தறிக்கூடத்து வாசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்களாம். கையில் போன். மாரடைப்பு. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால், என்று தொடங்கிய டாக்டர் முடிக்கவில்லை. உங்கள் போனிலிருந்து அந்த இரண்டு அழைப்புகளையும் அன்றே அழித்தேன்.

"நெஞ்சு வலிச்சா ஒருத்தரக் கூப்புடோணும்னு தோணாதா உங்கப்பனுக்கு?"

அம்மா இதையே எட்டு மாதமாகக் கேட்கிறார். வீம்பு பிடித்த மனிதர், வாய் திறக்காமலே போய்விட்டார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது எந்த அழைப்பையும் என்னால் கட் செய்ய முடிவதில்லை. கடன் வேண்டுமா என்று கேட்பவர்களைக்கூடக் கடைசிவரை பேசவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா என்னையக் கூப்புட்டாரும்மா. ரெண்டு தடவ. நாந்தான் கட் பண்ணிட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மீதி வெங்காயத்தை நான் உரித்தேன்.