கீழறைச் சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். பேஸ்மென்ட் சுவர் என்னாயிற்று என்று கேட்டாயே, போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். குளிருக்கு முன்னால் உள்சுவரில் குளிர் தடுக்கும் பலகை அடிக்காவிட்டால் அந்தப் பூஞ்சை உன் நெஞ்சுக்கு ஆகாது, வந்து கையோடு கூட்டிப்போய்விடுவேன் என்று நீ மிரட்டியதால் கொத்தனாரை வரச்சொன்னேன். மனிதர் கறையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஈரத்தோட பலகைய அடிச்சா உள்ளுக்குள்ளயே அழுகிரும்மா, தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாக்கணும் என்று சொல்லி, சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். தாளுக்குப் பின்னால் நனைந்தால் வெளி மண்ணின் ஈரம், முன்னால் துளி கட்டினால் அறைக்குள் இருக்கும் ஆவியாம்.

அப்பா இருந்தவரைக்கும் மண்ணைத்தானே திட்டினார், வெளியே பள்ளம் வெட்டி ஜல்லி கொட்டி, கூரைத் தண்ணீருக்குக் குழாய் வைத்து, என்ன செய்தும் சுவர் வேர்த்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தாளின் முன்னும் பின்னும் ஒரு சொட்டு இல்லை. கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு, முன்னாடி இங்க துணி காயப்போடுவீங்களா என்று கேட்டார். அப்பாதான், ரிட்டயர் ஆனதிலிருந்து துவைப்பது என் டிபார்ட்மென்ட் என்று பெருமையடித்து, ஜன்னலைக்கூடத் திறக்காமல் போர்வை முதற்கொண்டு அங்கேதானே உலர்த்துவார். அவர் போனதிலிருந்து கொடி சும்மா கிடக்கிறது. சுவர் நல்லா காஞ்சிருச்சும்மா, வியாழக்கிழமை அடிச்சிரலாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பா போன அன்றைக்கும் இப்படித்தான் மனசு மரத்துக் கிடந்தது, எல்லாரும் அழுதார்கள், நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அலமாரியில் இருந்த அவர் சட்டைகளையெல்லாம் நனைத்து, கீழே கொடியில் போட்டுக் கதவைச் சாத்தினேன். எதற்கென்று கேட்காதே, எனக்கே தெரியாது. காலையில் தாளின் முன்பக்கம் தண்ணீர் துளித்துளியாக நின்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொத்தனாரிடம், இன்னும் காயலை, அடுத்த மாசம் பாக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கோபப்படாதே, குளிருக்குள் அடித்துவிடுவேன். நீயும் அறைக்குள் துணி போட்டால் ஜன்னலைத் திறந்து வை, அப்பா புத்தி உனக்கும் உண்டு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். இப்போதுதான் கீழே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், சட்டைக் காலர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா