நீ திக்கிப் படித்த பக்கம்

டேய்,

நேற்று என் தங்கை பள்ளிப் பையிலிருந்து ஓர் அட்டையை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். லேமினேட் செய்த வாசிப்புப் பகுதி. இன்னும் பிளாஸ்டிக் வாசம்கூடப் போகவில்லை. "மார்க் இல்லையாம் அண்ணா. சும்மா படிச்சுக் காட்டணுமாம். அதைக் கேட்டுட்டுதான் அடுத்த டெர்ம் என்ன நடத்துறதுன்னு டீச்சர் முடிவு பண்ணுவாங்களாம்" என்றாள். சும்மா படிப்பது என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி, முதல் எழுத்துக்கு அடியில் விரலை வைத்தேன்.

தொடக்கநிலை நான்கில் நம் தமிழ் வகுப்பே ஒரு லிஃப்டுக்குள் அடங்கிவிடும். டீச்சர் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இதே மாதிரி ஓர் அட்டையைக் கொடுத்தார். எல்லாருக்கும் சரளமாகப் படிக்க வந்தால் அடுத்த தவணையில் வாசிப்பு கிடையாது, நாடகமும் கட்டுரையும்தான். நாடகத்தில் நான் ராஜா. ராஜாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பது ராஜாங்க ரகசியம். அதுவரை வாயை வைத்தே காலம் தள்ளியிருந்தேன். ஜோக் அடித்தால் டீச்சர் சிரிப்பார். சிரிக்கிற டீச்சர் புத்தகத்தை நீட்டமாட்டார்.

அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போய்க் கதவோரம் நின்றேன். எனக்கு முன்னால் படித்தவர்களைக் கேட்டுக் கேட்டு முழுப் பகுதியையும் மனத்தில் ஏற்றிக்கொண்டேன். என் முறை வந்ததும் தாத்தா குரல், காக்கா குரல் எல்லாம் போட்டு ஒப்பித்தேன். டீச்சர் கைதட்டினார். அடுத்து நின்றவன் நீ. என் கண் அட்டையின் முதல் வரியை விட்டு நகரவேயில்லை என்பதை நீ மட்டும் கவனித்திருக்கிறாய்.

பிறகு நீ படித்தாய். "கா... லை... யி... ல்..."

டீச்சர் உன்னைத் திட்டவில்லை. வகுப்புக்குள் வந்து நாடகத்தைத் தள்ளிவைத்தார். "ஒருத்தருக்குப் படிக்க வரலன்னாலும் அது நான் நடத்தின பாடத்துல இருக்கிற ஓட்டை. அவரை மட்டும் தனியா உட்கார வைக்கமாட்டேன். முதல்ல எல்லாரும் ஜோடி ஜோடியா வாசிப்போம்" என்றார். என் கிரீடம் போயிற்று. இடைவேளையில் நான் உன்னைச் சும்மா விடவில்லை.

"டேய் பஸ் ஸ்டாப்! எழுத்துக்கு எழுத்து நிக்கிறியேலா. பெல் அடிச்சாதான் கிளம்புவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தப் பெயர் தொடக்கநிலைப் பள்ளி முடியும்வரை உன்னோடு ஒட்டிக்கொண்டது.

ஜோடி சேர்க்கும்போது நீயாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். எழுத்துக்கு அடியில் உன் விரல் ஊர்ந்துகொண்டே போகும். நான் கொட்டாவி விட்டுக்கொண்டே அந்த விரலைப் பார்ப்பேன். பார்த்துப் பார்த்து எனக்குப் படிக்க வந்துவிட்டது. உனக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு நம் இரண்டு குடும்பமும் தேக்கா கடைத்தெருவுக்குப் போனோமே, அங்கேதான் மாட்டினாய். சந்தைக் கூடாரத்தில் ஒட்டியிருந்த நீளமான அறிவிப்பை ஒரே மூச்சில் படித்துவிட்டு, முறுக்கு எந்தப் பக்கம் என்று எனக்குச் சொன்னாய்.

"டேய், உனக்குப் படிக்கத் தெரியும்!"

"கத்தாதலா. அம்மா வராங்க."

"அப்போ அன்னைக்கு ஏன்டா அப்படி?"

"எல்லாரும் படிச்சுட்டா வாசிப்பை நிறுத்திடுவாங்க. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. அப்புறம் நீ எப்படிக் கட்டுரை எழுதுவ?"

"நான் கேட்டேனா உன்னை?"

"கேக்கலதான். நாளைக்குப் பரோட்டா வாங்கிக் குடு."

நான் வெட்கப்படுவது அதற்குப் பிறகு நடந்ததை நினைத்துத்தான். விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும், எல்லார் முன்னாலும், மறுபடி உன்னை பஸ் ஸ்டாப் என்றேன். திடீரென்று நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயம். நீ என்னைப் பார்த்தாய். கோபம்கூட இல்லை.

பெற்றோர் சந்திப்பில் டீச்சர் உன் அம்மாவிடம், வாசிப்பில் இன்னும் கவனம் வேண்டும் என்று சொல்லிவிட்டார். பாவம், காதில் விழுந்ததைத்தானே அவர் சொல்ல முடியும். உன் அம்மா சனிக்கிழமை காலையில் உன்னை உட்லண்ட்ஸில் டியூஷனில் சேர்த்தார். அதே நேரத்தில் நாம் ஆடும் பந்தாட்டம் அத்தோடு முடிந்தது. "தூங்கிட்டேன்லா" என்று ஒவ்வொரு வாரமும் டியூஷனை மறைத்துச் சொன்னாய். நானும் நம்பியதுபோல நடித்தேன். நாடகம்தான் நடக்கவில்லை, நடிப்புக்கு என்ன குறைச்சல்?

போன வருடம் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனவன் நீ. திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் படையலில் உன் அம்மா ஒரு பதிகத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தடுமாறாமல் படித்தேன். முடித்ததும் அவர் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னார்: "என் பிள்ளைக்கு இந்த மாதிரி வரல. நான்தான் கடை கடைன்னு கிடந்துட்டேன். பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கணும்." பதிகத்தை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு, செங்காங் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன்.

இன்று பள்ளி முடிந்ததும் தேக்கா சந்தை மாடியில் உன் அம்மா வேலை செய்யும் துணிக்கடைக்குப் போனேன்.

"ஆன்ட்டி, அவன் என்னைவிட நல்லாப் படிப்பான்."

ஆறுதல் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தார். "சரிப்பா. சாப்பிட்டியா?"

அட்டை, கதவோரம், பஸ் ஸ்டாப், முறுக்குக் கடை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சுடிதாரை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. யாரோ விலை கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"வீட்ல எங்கிட்டயும் திக்கித் திக்கித்தானேப்பா படிச்சான். ஒரு நாளாவது எனக்கு நல்லாப் படிச்சுக் காட்டியிருக்கலாம்ல?"

ஏன் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். நீ ஒழுங்காகப் படித்தால் அவர் சந்தோஷத்தில் டீச்சரிடம் போய்ச் சொல்லியிருப்பார். வாசிப்புப் பாடம் நின்றிருக்கும், நான் மாட்டியிருப்பேன். அதை மட்டும் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ சரளமாகப் படித்த குரல் என் காதில் அப்படியே இருக்கிறதடா. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் அவர்.